போச்சம்பள்ளியைத் தேடினால் பட்டுச்சேலை வருகிறது

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பத்து வருஷம் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு கம்ப்யூட்டர்களை விற்றுவிட்டு ஜெராக்ஸ் மிஷின் போட்டுக்கொண்டேன். ஆனாலும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. "தேடினேன்ணா, வேற என்னமோ வருது" என்று போனை நீட்டுவார்கள். அப்படித்தான் ஒருமுறை ஆடு வளர்க்கிற ஒருவர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையில் ஆடு என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ள 'போச்சம்பள்ளி விலை' என்று போட்டிருக்கிறார். வந்தது முழுக்கப் பட்டுச்சேலை. "கெடாய்க்கு எதுக்குணா ஜரிகை?" என்று அவரே சிரித்தார்.

சேலை வந்ததில் தப்பில்லை. தெலங்கானாவில் ஒரு போச்சம்பள்ளி இருக்கிறது. நூலை முதலிலேயே கட்டிச் சாயம் ஏற்றி, அப்புறம் நெய்கிற இக்கத் சேலைக்குப் பேர்போன ஊர். புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. 1951 ஏப்ரல் 18 அன்று வினோபா பாவே அங்கே போயிருந்தபோது, நிலமில்லாதவர்களுக்கென்று ஒருவர் 100 ஏக்கர் கொடுத்தார். பூதான இயக்கம் அங்கேதான் பிறந்தது. ஊர்ப் பெயரே பூதான் போச்சம்பள்ளி ஆகிவிட்டது. உலகம் தேடுகிற போச்சம்பள்ளி அதுதான். நாம் தேடுகிற போச்சம்பள்ளி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு வட்டத் தலைநகரம், வாரச்சந்தை கூடுகிற ஊர்.

ஒரு கிராமத்துக்குள் போய் "முருகன் வீடு எதுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது, கேள்விதான் வரும். "எந்த முருகன்? மேட்டுத்தெரு முருகனா, டிராக்டர் முருகனா, மிலிட்டரிக்காரரா?" தேடுபொறி அப்படித் திருப்பிக் கேட்பதில்லை. அதிகம் பேர் கேட்கிற முருகனைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அது கேட்காமல் விட்ட கேள்விக்கு நாமே முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எப்படிச் சொல்வது என்று கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு துண்டுச்சீட்டு

போனைத் தொடுவதற்கு முன் ஒரு சீட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள். எந்த இடம், என்ன சமாச்சாரம், எந்தக் காலம். ஆட்டுக்காரருடைய சீட்டில் 'கிருஷ்ணகிரி மாவட்டம் / வாரச்சந்தை, ஆடு / இந்த மாதம்' என்று எழுதினோம். பிறகு 'போச்சம்பள்ளி வாரச்சந்தை ஆடு' என்று தேடினோம். சேலை ஒன்றுகூட வரவில்லை. இவ்வளவுதானா என்று கேட்டார். பத்தில் ஆறு பேருக்கு இவ்வளவுதான். மற்ற நாலு பேருக்காகத்தான் மீதிக் கட்டுரை.

சமாச்சாரத்தைச் சொல்லும் சொல் அந்தத் தொழிலுக்கே உரியதாக இருந்தால் நல்லது. நம் மாவட்டத்து மாங்காய்க்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். 'நீலம் விலை' என்று தேடினால் மோதிரத்தில் வைக்கிற நீலக்கல்லின் விலை வருகிறது, கூடவே எந்த ராசிக்கு ஆகும் என்கிற பலனும். 'பெங்களூரா விலை' என்று போட்டால் பெங்களூரில் வீட்டு மனை விலை. 'பங்கனப்பள்ளி' என்றால் அந்த மாம்பழத்துக்குப் பெயர் கொடுத்த ஆந்திர ஊர். விலை என்பது எல்லாவற்றுக்கும் உண்டு, அதனால் அது எதையும் பிரித்துக் காட்டாத சொல். 'மண்டி', 'மாங்கூழ்', 'டன்' என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்தால் போதும், வைரக்கடைக்காரர்கள் விலகிவிடுவார்கள். பெங்களூராவுக்கு இன்னொன்றும் செய்யலாம். மற்ற மாநிலங்களில் அதைத் தோத்தாபுரி என்பார்கள், நம் பக்கம் கிளிமூக்கு என்றும் சொல்வதுண்டு. குழப்பமான பெயர் ஒன்றுக்குக் குழப்பமில்லாத மறுபெயர் இருந்தால், அந்த மறுபெயரைப் போட்டுத் தேடுங்கள்.

நம் ஊர்ப் பெயர்களில் இருக்கிற பள்ளங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி என்கிற இந்த இரண்டு மாவட்டங்களில் பிறந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் தொல்லை. நம் பெரிய ஊர்ப் பெயர்கள் பெரும்பாலும் வேறு இடங்களிலும் இருக்கின்றன.

தருமபுரியை எடுத்துக்கொள்ளுங்கள். தெலங்கானாவில் ஜக்தியால் மாவட்டத்தில், கோதாவரிக் கரையில், நரசிம்மர் கோயிலோடு ஒரு தர்மபுரி உண்டு. அது ஒரு சட்டமன்றத் தொகுதியும்கூட. அதனால் தேர்தல் சமயத்தில் 'தர்மபுரி தொகுதி முடிவு' என்று தேடிவிட்டு, நமக்குத் தெரியாத கட்சிகளெல்லாம் ஓட்டு வாங்கியிருக்கின்றனவே என்று திகைத்தவர்கள் உண்டு. 'தர்மபுரி எம்.பி.' என்று தேடினால் இன்னொரு வேடிக்கை. நிஜாமாபாத் தொகுதியின் மக்களவை உறுப்பினர் பெயர் தர்மபுரி அரவிந்த். அங்கே தர்மபுரி என்பது ஊரே இல்லை, வீட்டுப் பெயர். தெலுங்கில் வீட்டுப் பெயரை முன்னால் போடுவது வழக்கம். இது போதாதென்று மயிலாடுதுறையில் இருக்கிற தருமபுரம் ஆதீனத்தையும் தேடுபொறி 'இதைத் தேடினீர்களா?' என்று கொண்டுவந்து வைக்கும்.

கிருஷ்ணகிரிக்கும் இதே கதைதான். கேரளத்து வயநாட்டில் ஒரு கிருஷ்ணகிரி இருக்கிறது. அங்கே ஒரு கிரிக்கெட் மைதானம். 2019 ஜனவரியில் கேரளாவும் விதர்பாவும் மோதிய ரஞ்சிக் கோப்பை அரையிறுதி அங்கேதான் நடந்தது. அந்த நாட்களில் 'கிருஷ்ணகிரி செய்திகள்' என்று தேடியவர்களுக்கு ஸ்கோர்தான் கிடைத்தது. ஆந்திராவில் கர்நூல் மாவட்டத்திலும் ஒரு கிருஷ்ணகிரி மண்டலம் உண்டு.

பர்கூர் இவற்றையெல்லாம்விட மோசம், ஏனென்றால் இரண்டு பர்கூரும் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. செம்மண் நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும் பர்கூர் மாடு ஈரோடு மாவட்டத்து அந்தியூரை ஒட்டிய பர்கூர் மலையைச் சேர்ந்தது. நம் பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, ஜவுளிக்கடைகள் இருக்கின்றன, அந்த மலையும் அந்த மாடும் இல்லை. மாடு வாங்க இங்கே வந்து இறங்கியவர் ஒருவரை எனக்கே தெரியும். 'தமிழ்நாடு' என்று சேர்த்தால் இந்தக் குழப்பம் தீராது, மாவட்டப் பெயர்தான் வேண்டும். கடத்தூரும் அப்படித்தான். தருமபுரியில் ஒன்று, திருப்பூர் மாவட்டத்தில் அமராவதிக் கரையில் ஒன்று.

காவேரிப்பட்டணம் என்று தேடினால் பூம்புகார் வருவது பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழகிப்போன விஷயம். கடலோரத்துக் காவிரிப்பூம்பட்டினமும் நம் காவேரிப்பட்டணமும் பெயரில் மட்டும்தான் சொந்தம். நம் ஊர் இருப்பது தென்பெண்ணைக் கரையில். 'தென்பெண்ணை' என்ற சொல்லைச் சேர்த்தால் சோழர் துறைமுகம் ஒதுங்கிவிடும்.

ஒரு எழுத்தில் ஊர் மாறும்

பெயர் ஒன்றாக இல்லாவிட்டாலும் எழுத்து ஏமாற்றும். பாலக்கோடு தக்காளி மார்க்கெட் நிலவரத்தைத் தேடும்போது போன் கீபோர்டு தானாகவே 'பாலக்காடு' என்று திருத்திவிடும். குரல் வழியாகத் தேடினாலும் பல போன்களுக்குக் கேரளம்தான் காதில் விழுகிறது. தேடியது கிடைக்கவில்லை என்றால் முதலில் கட்டத்துக்குள் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நாம் அடித்தது என்று நினைப்பதும் அங்கே இருப்பதும் வேறாக இருக்கும்.

தமிழில் ஒரே ஊரை இரண்டு விதமாக எழுதுகிறோம். தருமபுரி, தர்மபுரி. ஓசூர், ஹோசூர். அரூர், ஹரூர். அரசு ஆவணங்களில் தருமபுரி என்றிருக்கும், செய்திகளில் தர்மபுரி என்று நிறைய வரும். இரண்டையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: போச்சம்பள்ளியின் கடைசி எழுத்தை நம் ஊருக்கு 'ஐ' என்றும் தெலங்கானா ஊருக்கு 'ஒய்' என்றும் போடுவதுதான் பெருவழக்கு. அந்த ஒரு எழுத்திலேயே பாதிச் சேலை குறையும்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. ஔவையார் என்பதில் முதல் எழுத்து 'ஔ' ஒரே எழுத்து. ஆனால் பலர் 'ஒ' அடித்துப் பக்கத்தில் 'ள' அடித்துவிடுகிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், இயந்திரத்துக்கு வேறு வேறு. 'அவ்வையார்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஆக, ஒருவரையே மூன்று விதமாகத் தேட வேண்டும்.

ஔவையார் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய ஔவையார் சங்க காலத்தவர். ஆத்திசூடி பாடியவர் பல நூற்றாண்டுகளுக்குப் பிந்தையவர். அந்தப் பெயரில் வேறு ஔவையார்களும் இருந்ததாக அறிஞர்கள் பிரித்துக் காட்டுகிறார்கள். பெயர்க் குழப்பத்துக்கு இணையத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, நாம் இதை ஆயிரம் வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறோம். இன்றைக்கு ஔவையாரைத் தேடினால் பழைய புலவரோடு 'வானவில் ஔவையார்' என்கிற எழுத்துருவும் இறக்கிக்கொள்ளச் சொல்லி வந்து நிற்கிறது. அரசு அலுவலகங்களில் வெகுகாலம் புழங்கிய எழுத்துரு அது. அதில் ஒரு விவகாரமும் இருக்கிறது. யூனிகோடு என்கிற பொதுவான எழுத்துக் குறியீடு வருவதற்கு முன்னால் அந்த மாதிரி எழுத்துருக்களில் தட்டிய ஆவணங்களைத் தமிழில் தேடினால் கிடைக்காது. திறந்து பார்த்தால் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது வேறு குறியீடு. ஒரு பழைய அரசாணை 'இல்லவே இல்லை' என்று முடிவு கட்டுவதற்கு முன் எண்ணையும் தேதியையும் போட்டுத் தேடுங்கள். எண் எந்த எழுத்துருவிலும் பெரும்பாலும் எண்ணாகவே இருக்கும்.

அதியமானுக்கும் இதே நிலைதான். கோட்டை, கல்லூரி, பள்ளி, கடை என்று தருமபுரி முதல் ஓசூர் வரை அவர் பெயரில்தான் பாதி பலகைகள் தொங்குகின்றன. அரசர் மட்டும் வேண்டுமென்றால் 'நெடுமான் அஞ்சி' என்று முழுப்பெயரைப் போடுங்கள். இன்னும் நெருக்கமாக வேண்டுமென்றால் 'ஜம்பை' என்று சேருங்கள். திருக்கோவிலூர்ப் பக்கத்து ஜம்பையில் 1981-இல் கண்டெடுத்த தமிழி (தமிழின் பழைய எழுத்து) கல்வெட்டில் அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர் இருக்கிறது. எந்தக் கடைப்பலகையிலும் ஜம்பை இருக்காது. தகடூர் என்று தருமபுரியின் பழைய பெயரைப் போட்டால் செப்புத் தகடு, எந்திரத் தகடு, கூரைத் தகடு எல்லாம் வரும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

மாவட்டமும் மாறியிருக்கிறது

பழைய விஷயம் தேடுகிறவர்கள் கட்டாயம் மனதில் வைக்க வேண்டிய தேதிகள் இரண்டு. 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ராஜாஜி 1878-இல் பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது பழைய புத்தகங்களில் சேலம் மாவட்டம், நடுவில் வந்தவற்றில் தருமபுரி மாவட்டம், இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம். மூன்றும் சரி. தாத்தா காலத்துப் பத்திரத்தையோ, பள்ளிக்கூடம் எப்போது ஆரம்பித்தது என்பதையோ தேடும்போது 'கிருஷ்ணகிரி மாவட்டம்' என்று போட்டுவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் வராது. அந்தக் காலத்து மாவட்டம் எதுவோ அதைப் போடுங்கள்.

வெறும் 'ராஜாஜி' என்று தேடினால் உத்தராகண்டில் புலிகள் இருக்கிற தேசியப் பூங்கா வரும், பெங்களூர் ராஜாஜி நகரில் வாடகை வீடும் வரும். இரண்டும் அவர் பெயரை வைத்தவைதான், ஆனால் நமக்கு வேண்டியது அதுவல்லவே. பாப்பாரப்பட்டியில் 1925-இல் மறைந்த சுப்பிரமணிய சிவாவைத் தேடுகிற பிள்ளைகளுக்கு அதே பெயரில் ஒரு திரைப்பட இயக்குநர் வருவார். 'பாப்பாரப்பட்டி' என்று சேர்த்தால் போதும்.

மைனஸும் மேற்கோளும்

குறிகளில் இரண்டு முக்கியம். ஒரு சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் உள்ள பக்கங்கள் விலகும். குறிக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி கூடாது, குறிக்கு முன்னால் இடைவெளி வேண்டும். இதில்தான் எல்லாரும் தப்பு செய்கிறார்கள். இரண்டு மூன்று சொல்லை இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் அந்த வரிசையிலேயே வருகிற பக்கங்கள் கிடைக்கும்.

இதுவரை எல்லா மொழிக்காரர்களுக்கும் சொல்வதுதான். தமிழில் ஒரு சங்கடம் இருக்கிறது. நாம் சொல்லோடு வேற்றுமை உருபை ஒட்டி எழுதுகிறோம். 'போச்சம்பள்ளி' என்று மேற்கோளுக்குள் போட்டால் 'போச்சம்பள்ளியில்', 'போச்சம்பள்ளிக்கு' என்றிருக்கிற பக்கங்கள் தவறிவிடலாம். மைனஸும் அப்படியே. சேலையைக் கழித்தால் 'சேலைகள்' நிற்கும், 'புடவை' நிற்கும், 'சாரி' நிற்கும். எனவே கழிக்கும்போது நாலைந்து வடிவத்தையும் கழியுங்கள். மேற்கோளைப் போடும்போது செய்தி எழுதுகிறவர் எந்த உருபோடு எழுதியிருப்பார் என்று யோசித்துப் போடுங்கள். 'கிருஷ்ணகிரி அருகே' என்பது செய்திகளில் அப்படியே வருகிற தொடர். அது வயநாட்டுக் கிரிக்கெட்டில் வராது. என் அனுபவத்தில் தமிழில் தேடும்போது கழிப்பதைவிடச் சரியான சொல்லைக் கூட்டுவதுதான் வேலைக்கு ஆகிறது.

மூன்றாவதாக ஒன்று உண்டு: 'சைட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒட்டி முக்காற்புள்ளி வைத்து, ஒட்டி ஒரு தளத்தின் முகவரியைப் போட்டால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். அரசு அறிவிப்பு தேடும்போது 'ஜிஓவி டாட் இன்' என்று போட்டால் அரசுத் தளங்கள் மட்டும் வரும்.

தமிழ் விக்கிப்பீடியாவில் 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்று தலைப்புக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் பக்கங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரே பெயருள்ள எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டு 'உங்களுக்கு எது?' என்று கேட்கிற பக்கம் அது. கிராமத்துத் திண்ணையில் கேட்கிற கேள்வியை இணையத்தில் கேட்கிற ஒரே இடம்.

மன்றோ என்கிற பரீட்சை

இதுவரை சொன்னதையெல்லாம் பழகிப் பார்க்க ஒரு பெயர் தருகிறேன். தாமஸ் மன்றோ. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால், அதாவது நம் பகுதி, கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தபோது, கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் கீழ் உதவியாளராக வந்து 1799 வரை நம் பக்கத்தில் நிலவரி வேலை பார்த்தவர். விவசாயியிடமே நேராக நிலவரி வாங்குகிற ரயத்துவாரி முறையோடு சேர்த்துப் பேசப்படுகிறவர். 1820-இல் சென்னை மாகாண ஆளுநர் ஆனார், 1827-இல் காலராவில் இறந்தார். சென்னை தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான்.

தமிழில் 'மன்றோ' என்று மட்டும் தேடுங்கள். முதலில் வருவது பெரும்பாலும் மர்லின் மன்றோ, ஹாலிவுட் நடிகை. அப்புறம் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் மன்றோவும் 1823-இன் மன்றோ கோட்பாடும். 2013-இல் நோபல் பரிசு வாங்கிய கனடா எழுத்தாளர் ஆலிஸ் மன்றோ. நியூசிலாந்து கிரிக்கெட்காரர் காலின் மன்றோ. ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளுக்கே மன்றோ என்று பெயர். ஆங்கிலத்தில் எழுதினால் நடிகையும் அதிபரும் வேறு எழுத்து, நம்மவர் வேறு எழுத்து. தமிழில் எழுதும்போது எல்லாரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

சரி, காலத்தைச் சேர்த்துப் பார்ப்போமா? ஜேம்ஸ் மன்றோ அதிபராக இருந்தது 1817 முதல் 1825 வரை. நம்மவர் ஆளுநராக இருந்தது 1820 முதல் 1827 வரை. ஆண்டைப் போட்டாலும் பிரிய மாட்டார்கள். இடத்தைச் சேர்த்தால்? 'தென்னிந்தியா ஆங்கிலேயர் மன்றோ' என்று போட்டால் கொல்லம் பக்கத்து மன்றோ தீவு வந்து நிற்கும், படகு சவாரிக் கட்டணத்தோடு. அந்தத் தீவுக்குப் பெயர் கொடுத்தவர் ஜான் மன்றோ. திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக, அதாவது கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த இன்னொரு ஆங்கிலேய அதிகாரி, அதே பத்து இருபது வருஷத்துக்காரர். இவர்தான் உண்மையான ஆபத்து. நடிகையையும் நம்மவரையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஜான் செய்ததைத் தாமஸ் பேரில் எழுதிவிடுவது மிக எளிது. தேடுபொறி இப்போதெல்லாம் மேலேயே ஒரு சுருக்கம் தருகிறதே, அதில் ஒருவர் படமும் இன்னொருவர் வரலாறும் கலந்து வர வாய்ப்பு உண்டு. அந்தச் சுருக்கத்தை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு பள்ளிக்குப் போக வேண்டாம்.

பிரித்துத் தருகிற சொல் சமாச்சாரத்தில்தான் இருக்கிறது: 'ரயத்துவாரி', 'பாராமகால்'. ஆனால் பாராமகாலைத் தனியாகத் தேடாதீர்கள். ஏசி வசதியுள்ள திருமண மகால்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும்.

கிடைத்தது நம்முடையதுதானா?

கிடைத்ததைச் சரிபார்க்க எண்களைவிட நல்ல சாட்சி இல்லை. நம் இரண்டு மாவட்டத்து அஞ்சல் குறியீடு 635 அல்லது 636 என்று தொடங்கும். ஈரோட்டுப் பர்கூர் 638. தெலங்கானா, ஆந்திரா என்றால் முதல் எண்ணே 5. தொலைபேசிக் குறியீடு தருமபுரிக்கு 04342, கிருஷ்ணகிரிக்கு 04343, ஓசூருக்கு 04344. படத்தில் வண்டி நிற்கிறதா, நம்பர் பிளேட்டைப் பாருங்கள். தருமபுரிக்கு 29, கிருஷ்ணகிரிக்கு 24, ஓசூருக்கு 70.

மழைக்காலத்தில் இது விளையாட்டு விஷயமில்லை. கே.ஆர்.பி. அணையையும் மைசூர்ப் பக்கத்துக் கே.ஆர்.எஸ். அணையையும் குழப்பி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கே.ஆர்.பி. என்பது தென்பெண்ணையில் நம் கிருஷ்ணகிரி அணை, அதன் முழு நீர்மட்டம் 52 அடி. கே.ஆர்.எஸ். காவிரியில் இருக்கிற கிருஷ்ணராஜ சாகர், 124.80 அடி. செய்தியில் 'நீர்மட்டம் 110 அடி' என்றிருந்தால் அது நம் அணையாக இருக்கவே முடியாது. ஆற்றின் பெயரையும் அடியையும் பார்த்துவிட்டு அப்புறம் அனுப்புங்கள்.

ஆட்களின் பெயர்

ஊரையும் அணையையும் மாற்றிப் படித்தால் நேரம்தான் போகும். ஆளை மாற்றிப் படித்தால் இன்னொருவர் வாழ்க்கை. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் மாது என்று ஆண்களுக்குப் பெயர் வைக்கிறோம். மற்ற ஊர்க்காரர்களுக்கு மாது என்றால் பெண். தேடினால் பெண்களைப் பற்றிய கவிதை, மேடை நாடகத்துப் பாத்திரம், மாதுளை ஜூஸ் எல்லாம் வரும். தப்பித்து உள்ளே போனாலும் தருமபுரியில் மட்டும் எத்தனை மாது, எத்தனை மாதையன், எத்தனை முனியப்பன்! தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். அதையும் ஒரு இடத்தில் முன்னால் போடுகிறோம், பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரித்துப் பின்னால் போடுகிறோம், சிலர் ஊருக்கும் சேர்த்து இரண்டு எழுத்துப் போடுகிறார்கள். ஒருவரைத் தேடும்போது அவர் பெயரை இனிஷியல் முன்னால், பின்னால், அப்பா பெயரை விரித்து என்று மூன்று விதமாகவும் பாருங்கள். கூடவே படித்த கல்லூரி, வேலை செய்கிற துறை, சொந்த ஊர் இதில் ஒன்றைச் சேருங்கள்.

போன வருஷம் எங்கள் பெரியம்மா வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். ஜாதகம் பொருந்தி, இரண்டு வீட்டாரும் பேசி, நிச்சயத்துக்கு நாள் குறிக்கிற நேரம். பெண்ணின் தம்பி சும்மா இருக்காமல் பையன் பெயரையும் ஊரையும் போட்டுத் தேடியிருக்கிறான். அடிதடி வழக்கில் ஒருவர் கைது என்று ஒரு செய்தி. அதே பெயர், அதே ஊருக்கு 'அருகே'. பெரியம்மா அழுதுகொண்டே கடைக்கு வந்தார். "என்னப்பா, நல்ல இடம்னு சொன்னாங்களே, இப்படிக் கெடக்குதே."

தமிழ்ச் செய்திகளில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. இன்ன கிராமத்தைச் சேர்ந்த இன்னார் மகன் இன்னார், அடைப்புக்குறிக்குள் வயது என்று எழுதுவார்கள். நான்கு அடையாளம். ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பெயர் ஒன்றுதான். கிராமம் வேறு, ஆனால் பக்கத்து ஊர், அதனால் அதை வைத்து முடிவு செய்ய முடியாது. செய்தியில் வயது 41, அதுவும் ஆறு வருஷத்துக்கு முந்தைய செய்தி. மாப்பிள்ளைக்கு இப்போதுதான் 29. அப்பா பெயர் வேறு. ஜாதகத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் பெரியம்மா காபி குடித்தார்.

பெயரும் ஊரும் ஒத்துப்போவது மட்டும் போதாது என்று அன்றிலிருந்து எல்லாரிடமும் சொல்கிறேன். அப்பா பெயரும் வயதும் ஒத்துப்போக வேண்டும், செய்தியின் தேதியைப் பார்த்து வயதைக் கணக்குப் போட வேண்டும். அவ்வளவும் ஒத்துப்போனாலும் நேரில் ஒரு வார்த்தை கேளுங்கள். சந்தேகத்தோடு இருக்கிற பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சொந்தக்காரர் குழுவில் போடாதீர்கள். அந்தத் தம்பி போட்டுவிட்டான். அதை விளக்கி முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று, மாப்பிள்ளையின் மாமா இன்றைக்கும் என்னிடம்தான் முறைக்கிறார்.

உங்கள் பெயரையும் இதே மாதிரி ஒருமுறை தேடிப் பாருங்கள். உங்களை யாராவது தேடினால் எந்த முருகன் வருவார் என்று தெரிந்துகொள்ளலாம். வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் எல்லா இடத்திலும் இனிஷியலை ஒரே மாதிரி எழுதுங்கள். மின்னஞ்சல், சான்றிதழ், விண்ணப்பம் மூன்றிலும் மூன்று விதமாக இருந்தால் நீங்களே மூன்று ஆளாகிவிடுவீர்கள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பத்திரிகைக்கு மேட்டர் அடிக்க என் கடைக்குத்தான் வந்தார்கள். மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் ஊருக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என இரண்டு இனிஷியலும் போட்டுக் கொடுத்தேன். பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார், பிறகு "கீழ படிச்ச படிப்பையும் போட்டுடுப்பா" என்றார்.